டி. எஸ். பாலையாவுக்காக மூன்று டிவிடிகள்

‘காதலிக்க நேரமில்லை’ (1964), ‘திருவிளையாடல்’ (1965), ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) ஆகிய மூன்று படங்களின் டிவிடிகளையும் குணச்சித்திர நடிகர் டி. எஸ். பாலையா ஒருவருக்காகவே வாங்கினேன். பழைய படங்களின் டிவிடி எப்படி இருக்கிறது என்று எழுதுபவர்கள் பாட்டுக் காட்சிகளையும் கதாநாயகனின் முகத்தையும் வைத்தே தரத்தைச் சொல்லிவிடுகிறார்கள். குணச்சித்திர நடிகரின் வேலை பெரும்பாலும் அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போது, காட்சியின் ஓரத்தில் நடப்பதாகும். ஆகவே பதிப்பில் குறை இருந்தால் முதலில் அடிபடுவது அவருடைய நடிப்புதான்.

மூன்றில் எனக்கு ஏமாற்றம் அளித்தது ‘காதலிக்க நேரமில்லை’. வண்ணம் பளிச்சென்று இருக்கிறது, ஒலியும் தெளிவு. ஆனால் இன்றைய அகலத் திரைக்குப் பொருத்த வேண்டும் என்பதற்காகப் படத்தின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் வெட்டியிருக்கிறார்கள். நாகேஷ் தம்முடைய படக் கதையைச் சொல்லிப் பாலையாவைப் பயமுறுத்தும் காட்சியைத் தெரியாதவர் இருக்க முடியாது. அதில் பேச்சும் ஓசையும் எல்லாம் நாகேஷுடையவை. பாலையா ஏறக்குறைய ஒன்றுமே பேசாமல், அலட்சியமாக உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக நடுங்கிப்போவதை முகத்திலும் உடம்பிலும் காட்டுகிறார். அந்த உடம்பில் பாதியைத் திரைக்கு வெளியே தள்ளிய பிறகு காட்சியில் மிஞ்சுவது கதை சொல்பவர் மட்டுமே. “அசோகர் உங்க மகருங்களா?” என்று பாலையா குழையும் இடத்திலும் இதே குறைதான். பணம் என்றதும் குரலுடன் சேர்ந்து முதுகும் வளைவதைப் பார்த்தால்தான் அந்தச் சிரிப்பு முழுமையாகும்.

‘திருவிளையாடல்’ படம் முழு அளவில் இருக்கிறது; ஒலியில்தான் குறை. ஹேமநாத பாகவதராகப் பாலையா பாண்டியனின் அவையில் பாடும் ‘ஒரு நாள் போதுமா’, ராகம் மாறி ராகம் போகும் கண்ணதாசன் பாட்டு. குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, ஆனால் அந்தக் குரலுக்குரிய செருக்கு பாலையாவுடையது. அவையில் இருப்பவர்களை அவர் பார்க்கும் பார்வையிலேயே ‘என்னை மிஞ்ச ஆள் உண்டா’ என்ற கேள்வி இருக்கிறது. மேல் ஸ்தாயியில் ஒலி சற்றுக் கரகரப்பதால் அந்தக் கம்பீரம் ஓரிரு இடங்களில் குன்றுகிறது. நல்ல வேளையாக, பின்னால் விறகுவெட்டியாக வரும் சிவபெருமானின் ‘பாட்டும் நானே’ ஒலிக்கும்போது பாலையாவின் முகத்தில் கர்வம் கரைந்து அச்சம் படரும் இடங்களில் படம் துல்லியமாக இருக்கிறது.

தயங்காமல் வாங்கலாம் என்று நான் சொல்வது ‘தில்லானா மோகனாம்பாள்’ டிவிடியை. வண்ணம் ஆங்காங்கே வெளிறியிருந்தாலும் சட்டகம் சிதையவில்லை. தவிலின் ஓசை நாதஸ்வரத்தில் அமுங்கிப்போகாமல் தனியாகக் கேட்கிறது. நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு (சிவாஜி) தவில் வாசிக்கும் முத்துராக்காகப் பாலையா, வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி பிடித்து உட்கார்ந்தால் தஞ்சைப் பகுதிக் கோயில் திருவிழாக்களில் ஆண்டாண்டாக வாசித்தவர் என்றே நம்பத் தோன்றுகிறது. ‘நலந்தானா’ பாட்டை அவரை மட்டுமே கவனித்து ஒரு முறை பாருங்கள். மோகனா (பத்மினி) பாட்டின் வழியாகக் கேட்பது காயம்பட்ட தம் நாதஸ்வரக்காரரின் நலத்தை என்பதை அவர் உணர்ந்துகொள்கிறார், முகம் கலங்குகிறது, கை மட்டும் தாளத்தை விடுவதில்லை. சிவாஜியும் பத்மினியும் உச்சத்தில் நிற்கும் காட்சியில், அவர்களிடமிருந்து எதையும் பறிக்காமல் தமக்குரிய இடத்தை இவ்வளவு நிறைவாக எடுத்துக்கொண்ட நடிப்பு தமிழில் அதிகம் இல்லை என்பது என் துணிபு.

மூன்று உறைகளின் முன்பக்கத்திலும் அவர் படம் இல்லை. உள்ளேயும் அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. நெல்லைச் சீமையில் 1914இல் பிறந்து, நாடக மேடையில் தேர்ந்து, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ (1936) மூலம் திரைக்கு வந்தவர் அவர், எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். அடுத்த ஆண்டே ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதரை எதிர்த்து நிற்கும் ருத்ரசேனன். பிறகு ‘தூக்குத் தூக்கி’யில் (1954) சேட், ‘மதுரை வீர’னில் (1956) நரசப்பன், ‘பாமா விஜயம்’ (1967) படத்தில் மூன்று பிள்ளைகளையும் கட்டி மேய்க்கும் தகப்பன். வில்லனாகக் கோலோச்சியவர், அந்த மிடுக்கை விடாமலே சிரிக்கவும் வைத்தார். 1972இல் மறையும்வரை நடித்த இப்படிப்பட்டவருக்கு உறையின் உள்தாளில் அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

‘காதலிக்க நேரமில்லை’யை மட்டும், வெட்டப்படாத பதிப்பு என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். எழுத்துப் போடும் பகுதியில் பெயர்கள் மேலும் கீழும் முழுமையாகத் தெரிகின்றனவா என்று பார்த்தாலே போதும், கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.