விளக்கு எரிந்தது, முன்சக்கரம் சுற்றவில்லை: பழைய ஃபோர் வீல் பிக்கப் வாங்குவோர் கவனத்துக்கு

பழைய ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களும் இழுக்கும்) பிக்கப் வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சட்டை அழுக்காகும் என்று நான் தயங்கினேன். அந்தத் தயக்கத்தின் விலை 1,20,000 ரூபாய்.

தாண்டிக்குடிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலை முடிந்த பிறகு இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சாதாரண பிக்கப் பாதி வழியில் நின்றுவிடும். கோயம்புத்தூரில் பழைய வண்டி விற்கும் ஒருவர், “ஃபோர் வீலும் உண்டு, டிஃப் லாக்கும் உண்டு சார், எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தது” என்றார். டிஃப் லாக் என்பது ஒரே அச்சின் இடது வலது சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும் அமைப்பு. அதே மாடல், அதே ஆண்டு, பின்சக்கர இழுவை மட்டும் கொண்ட வண்டியைவிட இதற்கு மேலே சொன்ன தொகை கூடுதல்.

ஓட்டிப் பார்த்தேன். லிவரை ஃபோர் ஹையில் (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போட்டதும் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது. தார்ச்சாலையிலேயே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினேன், வெண்ணெய்போல வளைந்தது. “பராமரிப்பு அப்படி சார்” என்றார். ஃபோர் லோவில் (வேகம் குறைவு, இழுவை அதிகம்) மேட்டில் மிதிக்காமலேயே ஏறியது. டிஃப் லாக் என்று ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் அதுவும் எரிந்தது. வேறென்ன வேண்டும் என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் எரு மூட்டைகளோடு மேலே போனபோது இடது பின்சக்கரம் ஓடைப் பள்ளத்தில் இறங்கியது. லிவர், பொத்தான் இரண்டையும் போட்டேன். விளக்குகள் கல்யாண வீடுபோல எரிந்தன. இறங்கிப் பார்த்தால் அந்த ஒரு சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் வேடிக்கை பார்த்தன. பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் கயிறு கட்டி இழுக்கும்போது இரவு ஒன்பது மணி.

வத்தலக்குண்டு மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய் அரை நிமிடத்தில் வெளியே வந்தார். “அண்ணே, முன்பக்கம் போகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டே இல்லையே!” என்ஜினின் சுழற்சியை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற தண்டு அது. ஜாயின்ட் தேய்ந்திருக்கும், மாற்றச் செலவாகும் என்று கழற்றிப் போட்டிருப்பார்கள் என்பது அவருடைய ஊகம்.

விளக்கு எப்படி எரிந்தது? கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்துதான் பின்பக்கம் ஒரு ஷாஃப்ட்டும் முன்பக்கம் ஒரு ஷாஃப்ட்டும் போகின்றன. என் வண்டியில் விளக்குக்கான சுவிட்ச் அந்தக் கேஸின் மேல் இருக்கிறது. உள்ளே பற்சக்கரம் சேர்ந்ததா என்பதுதான் அதற்குத் தெரியும். வெளியே ஷாஃப்ட் இருக்கிறதா என்பது தெரியாது. லோவில் மேடு ஏறியதும் அப்படித்தான். வேகத்தைக் குறைத்து இழுவையைச் சுமார் இரண்டரை மடங்காக்கும் வேலை கேஸுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அந்த இழுவை முழுவதும் பின்சக்கரத்துக்குப் போயிருக்கிறது.

எனக்கு இன்றும் ஆறாதது அந்த வெண்ணெய்த் திருப்பம்தான். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கரத் தொகுதி) இல்லாத இந்த வகை வண்டியில் ஃபோர் ஹை போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. காய்ந்த தாரில் டயர் வழுக்க முடியாது. ஆகவே ஸ்டீயரிங் கனக்க வேண்டும், வண்டி இழுத்துப் பிடிக்க வேண்டும், டயர் தேய்கிற சத்தம் வர வேண்டும். என் வண்டி சுகமாகத் திரும்பியதே முன்னால் ஒன்றும் இல்லாததால்தான். நானோ அதைப் பராமரிப்பு என்று நினைத்து மெச்சினேன்.

டிஃப் லாக் வேறு சங்கதி. டிஃபரன்ஷியல் வளைவில் இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும். ஆனால் இரண்டுக்கும் சம விசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரம் வாங்குவது கொஞ்சம் என்றால் கெட்டி மண்ணில் நிற்பதற்கும் அந்தக் கொஞ்சம்தான். அதனால் நல்ல ஃபோர் வீல் வண்டிகூட முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சுற்ற, நகராமல் நிற்கலாம். லாக் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே தண்டுபோலச் சேர்ந்து சுற்றும். என் சிவப்புப் பொத்தானின் வயர் விளக்கோடு முடிந்திருந்தது. ஆக்சிலுக்கு வயரும் போகவில்லை, காற்றுக் குழாயும் போகவில்லை.

விற்றவரிடம் தொலைபேசியில் கேட்டால், “அது தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை சார், பொத்தான் சும்மா அழகுக்கு” என்றார். அப்படி ஒரு வகை உண்டுதான். மஹிந்திரா தார் போன்ற சில வண்டிகளில் இருக்கிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் பூட்டிக்கொள்ளும். அன்று இரவு சுற்றிய சுற்றுக்கு அது பத்து முறை பூட்டியிருக்க வேண்டும். இதைச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். டிஃபரன்ஷியல் இருக்கும் ஹவுசிங்கைத் திறந்தோம், சாதாரணப் பற்சக்கரங்கள்தான் இருந்தன.

பொத்தான் வகை லாக் என்றால் சோதனை எளிது. பின்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பொத்தானை அழுத்தி, நியூட்ரலில் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லாக் விழுந்திருந்தால் மற்றதும் அதே திசையில் சுற்றும். எதிர்த்திசையில் சுற்றினால் லாக் விழவில்லை. தானியங்கி வகை கைச்சுற்றுக்குப் பூட்டாது. “ஃபோர் வீல், டிஃப் லாக் வேலை செய்கிறது” என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். என் ரசீதில் “உள்ளது உள்ளபடி” என்று மட்டும் இருக்கிறது. அவருடைய விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருந்தது ஒன்றுதான் கைகொடுக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள். திண்டுக்கல்லில் மனு கொடுத்திருக்கிறேன்.

பழைய ஷாஃப்ட் ஒன்று தேடிப் பிடித்து மாட்டியாகிவிட்டது. போன வாரம் தோட்டத்திலிருந்து இறங்கியவன் தார் வந்த பிறகும் லிவரைத் திருப்ப மறந்துவிட்டேன். வளைவில் ஸ்டீயரிங் கனத்தது, வண்டி திமிறியது, டயர் கரகரத்தது. “வண்டியில் ஏதோ கோளாறு” என்றாள் மனைவி.