நான்கு வருடமாக விளையாட்டுத் துணிகளை மெஷினில் துவைக்கிறேன்: நூல் இழுபடுவது எதனால், எப்படி நிறுத்தினேன்

முதல் ஒரு வருடம் முழுக்க நான் மெஷினைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கோவையில் இருக்கிறோம். நான் காலையில் ரேஸ் கோர்ஸில் ஓடுவேன், வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் ஷட்டில் ஆடுவார், பையன் பள்ளி ஃபுட்பால் டீமில் இருக்கிறான், ஆக வாரத்துக்குப் பதினைந்து இருபது துணி இந்த வகையிலேயே சேர்ந்துவிடும். எல்லாம் பாலியஸ்டர், இல்லையென்றால் நைலானோடு ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் நூல் கலந்தது. டி-ஷர்ட்டின் வயிற்றுப் பக்கம், லெக்கிங்ஸின் தொடைப் பக்கம் என்று ஒவ்வொரு துவைப்பிலும் ஏதாவது ஒரு துணி நூல் தூக்கிக்கொண்டு வெளியே வரும். அப்போது இருந்தது டாப் லோடு மெஷின். பழசாகிவிட்டது, அதனால்தான் துணியைப் பிய்க்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியை வெளியே எடுக்கும்போதுதான் விஷயம் கண்ணில் பட்டது. வீட்டுக்காரருடைய முழங்கால் பட்டையின் வெல்க்ரோ திறந்து, பையனின் நீல ஜெர்சியை முதுகில் கவ்விக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் பிரித்தேன், அப்படியும் சரசரவென்று சத்தம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குத் துணி சொரசொரவென்று ஆகியிருந்தது, அதில் ஏழெட்டு நூல் எறும்புக்கால் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் துணி சுருங்கி ஒரு கோடு ஓடியிருந்தது. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் நீலத் தும்பு. மெஷின் துணியைச் சுற்றித்தான் விட்டது, பிய்த்தது நான் கூடப் போட்ட பொருள்.

நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டிவிடலாம் என்று கத்திரிக்கோலை எடுத்தபோது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருடம் செக்கிங் வேலை பார்த்த சித்தி வீட்டில் இருந்தார். "அதக் கீழ வை கண்ணு. வெட்டினீன்னா கண்ணி ஓடிரும்," என்றார். அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. வேட்டி, சட்டைத் துணி போல இது குறுக்கும் நெடுக்குமாக நெய்ததில்லை, ஸ்வெட்டர் மாதிரி கண்ணி கண்ணியாகப் பின்னியது. ஒரு கண்ணியைக் கொக்கி இழுத்தால் அதன் அக்கம்பக்கத்துக் கண்ணிகள் நூலைக் கொடுத்துவிட்டுத் தாங்கள் இறுகிக்கொள்ளும், அந்தச் சுருக்கக் கோடு அதனால்தான். நூலை அறுத்துவிட்டால் அந்தக் கண்ணியைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை, அங்கிருந்து ஓட்டை பெரிதாகும்.

சரி செய்யும் விதத்தையும் அன்றே காட்டினார். ஊசியில் நூலை இரட்டையாகக் கோத்து, மறுமுனையில் வளையம் விட்டு, தூக்கி நிற்கும் இழையின் அடியிலேயே ஊசியை உள்பக்கமாக இறக்க வேண்டும். ஊசி முழுதாக உள்ளே போவதற்கு முன்னால், நூலின் வளையத்துக்குள் அந்த இழையை நுழைத்துவிட்டு இழுத்தால் இழையும் கூடவே உள்ளே போய்விடும். அப்புறம் சுருக்கக் கோட்டின் மேல் துணியை இரண்டு கையாலும் நெடுக்கில் ஒரு தடவை, குறுக்கில் ஒரு தடவை மெதுவாக இழுத்துவிட்டால் பாதிக்கு மேல் சமமாகிவிடும். அந்த நீல ஜெர்சியில் ஏழெட்டு இடத்தையும் சரி செய்ய எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அன்றிலிருந்து வெல்க்ரோ வைத்த எதையும், முழங்கால் பட்டை, மணிக்கட்டுப் பட்டை, கீப்பர் கையுறை, இந்தத் துணிகளோடு போடுவதில்லை. தனியாகக் கையில் அலசிவிடுகிறேன். டிராக் பேன்ட், ஜாக்கெட் ஜிப்பெல்லாம் மேலே வரை மூடிவிட்டுத்தான் உள்ளே போகும். ஸ்போர்ட்ஸ் பிராவின் கொக்கியையும் மாட்டிவிட வேண்டும், பலரும் மறக்கும் இடம் இது. ஜீன்ஸும் துண்டும் கூடவே கூடாது. ஜீன்ஸின் ஜிப்பும் பித்தளைப் பொத்தானும் இடிக்கும், துண்டு விடும் பஞ்சு பாலியஸ்டரில் அப்படியே ஒட்டிக்கொள்ளும், இரண்டும் உரசி உரசித்தான் துணி மேல் சின்னச் சின்ன உருண்டையாகத் திரள்கிறது.

துணியை உள்வெளியாகத் திருப்பிப் போடுவதில் இரட்டைப் பலன். வெளிப்பக்கம் உரசாது, நம்பரும் எழுத்தும் உரியாது. அதோடு வியர்வையும் உடம்பு எண்ணெயும் படிவது உள்பக்கத்தில்தானே, தண்ணீரும் சோப்பும் நேராக அங்கே படும். பாலியஸ்டர் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும் நூல், துவைத்த பிறகும் அக்குள் பக்கம் வாடை நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனையும் செய்தும் நடுவில் இரண்டு மாதம் மறுபடியும் நூல் தூக்க ஆரம்பித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஒரு பழைய நைலான் துப்பட்டாவை எடுத்து டிரம்மின் உட்சுவர் முழுக்கத் தடவிக்கொண்டே வந்தேன், ஒரு இடத்தில் சட்டென்று மாட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் என் கொண்டை ஊசி ஒன்று ஓட்டைக்குள் சொருகி, அரை சென்டிமீட்டர் நுனி மட்டும் வெளியே நிற்கிறது. விரலால் தடவினால் தெரிந்தேயிருக்காது. இப்போது மாதத்துக்கு ஒரு முறை அந்தத் துப்பட்டா சோதனை உண்டு. பையனின் ஷார்ட்ஸையும் சாக்ஸையும் மைதானத்திலிருந்து வந்ததும் உதறி, ஒட்டுப்புல்லும் நெருஞ்சி முள்ளும் இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கிவிடுகிறோம். ஒரு நெருஞ்சி உள்ளே போனால் அத்தனை துணியையும் ஒரு சுற்று சுற்றி வரும்.

துணியை உள்ளே போட்டு மெஷினில் வைக்கும் வலைப்பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முதலில் வாங்கியது தப்பான பை. பெரிய கண் வலை, லெக்கிங்ஸின் பட்டை அதற்குள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டு வந்து மற்ற துணியோடு முறுக்கிக்கொண்டது. அதன் ஜிப் பாதித் துவைப்பில் திறந்து, அந்த ஜிப் நுனியே ஒரு டி-ஷர்ட்டை இழுத்துவிட்டது. பொடிக்கண் வலையாக இருக்க வேண்டும், ஜிப்பின் பிடியைச் சொருகி வைக்க ஓரத்தில் ஒரு எலாஸ்டிக் உறை இருக்க வேண்டும். ஒரு பைக்கு இரண்டு டி-ஷர்ட், இல்லையென்றால் ஒரு லெக்கிங்ஸும் ஒரு பிராவும். அதற்கு மேல் திணித்தால் அழுக்கு போகாது, துணி புரள இடமில்லை.

பை உதவுகிறதா என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டு ஜெர்சிகளே பதில். ஒரே நாளில் வாங்கிய இரண்டு ஜெர்சி, ஒரே நிறம். ஒன்றை நான் பையில் போடுவேன், மற்றதைப் பையன் தன் கைக்கு வந்தபடி மெஷினில் எறிந்துவிடுவான். ஒரு வருடம் கழித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பையில் போட்டதில் நம்பர் முழுதாக இருந்தது, துணி வழவழப்பாக இருந்தது. மற்றதில் நம்பரின் ஓரம் பிரிந்திருந்தது, இடுப்புப் பக்கம் முழுக்க உருண்டை. இப்போது அவனே பையைத் தேடுகிறான்.

மூன்றாவது வருடம் ஃப்ரண்ட் லோடு வாங்கினோம். வித்தியாசம் தெரிகிறது, துணி ஒன்றோடொன்று கயிறு மாதிரி முறுக்கிக்கொள்வது குறைந்தது. ஆனால் டாப் லோடிலும் மென்மையான சுற்றில், பை போட்டு, பாதி அளவுக்கு மட்டும் நிரப்பித் துவைத்தபோதே நூல் இழுப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது, ஆகவே இதற்காக யாரும் மெஷினை மாற்ற வேண்டாம். தண்ணீர் சூடாக்காததாகவோ 30 டிகிரியிலோ இருந்தால் போதும், சூட்டில் ஸ்பான்டெக்ஸ் தளரும். ஸ்பின்னை நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல் வைப்பதில்லை. பாலியஸ்டர் நூல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளாது, லேசாகப் பிழிந்தாலே கொடியில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

வாசனைக்காக ஊற்றும் மென்மையாக்கும் திரவத்தை ஐந்து மாதம் பயன்படுத்தினேன், அது தப்பு. நூல் மேல் ஒரு படலம் படிந்து, வியர்வை துணியில் பரவாமல் முதுகில் வழிய ஆரம்பித்தது. நிறுத்திய பிறகு நாலைந்து துவைப்பில் கொஞ்சம் தேறியது. குளோரின் பிளீச்சும் வேண்டாம், ஸ்பான்டெக்ஸை அரித்துவிடும்.

கையில் துவைத்தால் நல்லது என்று மாமியார் சொல்வார். அலசிக் கசக்கினால் நல்லதுதான், ஆனால் துவைக்கிற கல்லில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் மெஷினைவிட மோசமாக உருண்டை திரளும், எங்கள் வீட்டு இரண்டு டி-ஷர்ட் அப்படித்தான் போனது. காயப்போடும் இடத்தையும் பாருங்கள். எங்கள் மொட்டைமாடிக் கொடி முன்பு கம்பி, அதன் முடிச்சில் நீட்டிக்கொண்டிருந்த நுனியில் மட்டும் மூன்று துணி மாட்டியிருக்கிறது. இப்போது நைலான் கயிறு, நிழல் பக்கமாகக் கட்டியிருக்கிறோம்.

முதல் வருடத்தில் வாங்கிய கருநீல லெக்கிங்ஸ் இன்னும் ஓட்டத்துக்கு வருகிறது, இடுப்பு எலாஸ்டிக் மட்டும் லேசாகத் தளர்ந்திருக்கிறது. இரண்டாவதாக வாங்கிய பொடிக்கண் பை போன மாதம் தையல் ஓரத்தில் பிரிந்தது, இரண்டரை வருடம் உழைத்திருக்கிறது, அதே அளவில் இன்னும் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.