டபிள்யூஜிசிஎன்ஏவா, அராக்னியா?

மரபணுக்களின் செயல்பாட்டு அளவுகளை வைத்து அவற்றின் உறவு வலையை வரையும் இரண்டு கணினி முறைகள் இவை: டபிள்யூஜிசிஎன்ஏ (WGCNA), அராக்னி (ARACNe). நோயில் எந்த மரபணு எதை ஆட்டி வைக்கிறது என்று பார்க்கக் கிளம்பினால், முதலில் கையில் எத்தனை மாதிரிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இருபது முப்பதுதான் என்றால் பேச்சே வேண்டாம், டபிள்யூஜிசிஎன்ஏ. நூறு வாக்கில் இருந்தால்தான் அராக்னி பக்கமே போகலாம்.

டபிள்யூஜிசிஎன்ஏ கூட்டம் பிரிக்கும். செயல்பாடு சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கும் மரபணுக்களை ஒரே தொகுதியில் போட்டு நீலம், பழுப்பு என்று நிறப்பெயர் வைக்கும், எதிலும் சேராதவை சாம்பல். கிளியோபிளாஸ்டோமா மூளைப் புற்றுநோயில் ஏஎஸ்பிஎம் மரபணு 2006இல் இப்படித்தான் கண்ணில் பட்டது. ஆனால் யார் யாரை இயக்குகிறார்? அதைக் கேட்டால் வாயே திறக்காது.

அராக்னி அங்கேதான் உதவும். படியெடுத்தல் காரணிகளின், அதாவது மற்ற மரபணுக்களை இயக்கும் புரதங்களின், பட்டியலை நாம் கொடுக்க வேண்டும், அது பரஸ்பரத் தகவலை (ஒன்றின் அளவு தெரிந்தால் மற்றதைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதை) அளந்து மரபணுக்களுக்கு இடையே கோடு போடும், அப்புறம் மூன்று மரபணுக்கள் முக்கோணமாக இணைந்திருந்தால் இருப்பதிலேயே பலவீனமான கோட்டை மறைமுக உறவு என்று வெட்டிவிடும். சில சமயம் நிஜமான நேரடி உறவும் இதில் பலியாகும், அதுதான் எனக்குப் பிடிக்காதது. ஆனாலும் அதே கிளியோபிளாஸ்டோமாவில் ஸ்டாட்3, சி/ஈபிபி-பீட்டா என்ற படியெடுத்தல் காரணிகள் இரண்டும்தான் கட்டியின் மூர்க்கமான வகையை இயக்குகின்றன என்று 2010இல் காட்டியது இந்த வழிதான். ஆய்வகத்தில் இரண்டையும் அடக்கியும் பார்த்தார்கள்.

சரி, என் தேர்வு? மாதிரிகள் போதுமென்றால் அராக்னி. யார் யாரை இயக்குகிறார் என்ற அம்புக்குறியின் திசை மட்டும் நாம் கொடுத்த பட்டியலிலிருந்து வருவது, தரவிலிருந்து அல்ல.