ஈடிப்பஸா, லியரா: எந்த நாடகத்தோடு காலம் தள்ளுவது?

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் ஈடிப்பஸ், கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் க்ளாஸ்டர் என்ற கிழவரின் கண்களை மற்றவர்கள் தோண்டுகிறார்கள். முதல் கொடுமை நம் கண்ணில் படுவதில்லை. அரண்மனைக்குள்ளிருந்து ஓர் ஆள் வெளியே வந்து, செத்துக் கிடந்த யொகாஸ்ட்டாவின் (அவனுக்குத் தாயும் மனைவியும் அவளே) உடையிலிருந்த தங்க ஊசிகளை அவன் பிடுங்கியதையும், அவற்றால் கண்களைத் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டதையும் சொல்கிறான். இரண்டாவது கொடுமை மேடையிலேயே நடக்கிறது. கிழவரை நாற்காலியில் கட்டிவைத்து, ஒரு கண் போனபின் இன்னொன்றும் போகிறது. நடுவில் பெயரில்லாத ஒரு வேலைக்காரன் பொறுக்க முடியாமல் எஜமான் மீதே வாளை உருவுகிறான். எஜமானுக்குச் சாகிற காயம். வேலைக்காரனை எஜமானின் மனைவி ரீகன் பின்னாலிருந்து குத்திச் சாய்க்கிறாள்.

ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்துவிட்டு, எலிசபெத் ராணி, ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில நாடகத்தை ஆய்வுக்கு எடுப்பதா, பண்டைய ஏதென்ஸின் துன்பியல் நாடகத்தை எடுப்பதா என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். பேச்சு பெரும்பாலும் எது உயர்ந்தது என்பதிலேயே சுற்றும். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. தினமும் மேசையில் உட்கார்ந்து என்ன வேலை செய்யப்போகிறோம் என்பதுதான் கேள்வி. அந்த வேலை இரண்டிலும் அடியோடு வேறு. ஆங்கில நாடகம் படிப்பவருக்குப் பிரதிகள் மிஞ்சிப்போன தொல்லை. கிரேக்கம் படிப்பவருக்கு அதிகம் எதுவும் மிஞ்சாத தொல்லை.

க்ளாஸ்டரையே எடுத்துக்கொள்வோம். 1608-இல் சிறு நூலாக அச்சான லியரில், அந்தக் கொடுமை முடிந்ததும் இரண்டு வேலைக்காரர்கள் மட்டும் மேடையில் நிற்கிறார்கள். ஒருவன், ரத்தம் வழியும் முகத்துக்குச் சணல் நாரும் முட்டையின் வெள்ளைக்கருவும் கொண்டுவருகிறேன் என்கிறான். வெறும் சில வரிகள். ஆனால் அந்த இருட்டில் கேட்கும் ஒரே மனிதக் குரல் அதுதான். ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு 1623-இல் வந்த பெருந்தொகுப்பில் அந்த வரிகள் இல்லை. லியர் தன் மகள்களைக் கற்பனையில் விசாரிக்கும் காட்சியும் அதில் இல்லை. நாடகத்தின் கடைசி வரிகளை முதல் அச்சில் லியரின் மருமகன் அல்பனி சொல்கிறார், இரண்டாவதில் க்ளாஸ்டரின் மகன் எட்கர் சொல்கிறான். யார் வெட்டியது? ஷேக்ஸ்பியரே திருத்தினாரா, நடிகர் குழு நேரத்தைக் குறைக்க வெட்டியதா? ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் 1986 முழுத்தொகுப்பு, தீர்ப்புச் சொல்வதற்குப் பதில் இரண்டு லியர்களையும் தனித்தனி நாடகங்களாகவே அச்சிட்டது. எனக்கு 1608-இன் லியர்தான் பிடிக்கும், அந்த முட்டை வெள்ளைக்கருவுக்காகவே. ஆனால் ரசனையை வைத்து ஆய்வேடு எழுத முடியாது. சணலும் முட்டையும் ஏன் மறைந்தன என்று ஆதாரத்தோடு வாதாடத் தெரிய வேண்டும். இந்தத் துறையின் வேலையே அதுதான்.

ஹாம்லெட்டுக்கு 1603, 1604-05, 1623 என மூன்று பிரதிகள். ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் மார்லோவின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நாடகத்துக்கு 1604, 1616 என இரண்டு. 1602 நவம்பரில் அந்த நாடகத்தில் சேர்ப்புகள் எழுதியதற்காக இரண்டு பேருக்கு 4 பவுண்டு கொடுத்ததாக அரங்க முதலாளி ஃபிலிப் ஹென்ஸ்லோ தன் கணக்கேட்டில் குறித்திருக்கிறார். மார்லோ 1593-லேயே கொலையுண்டு போனவர். அப்படியானால் நாம் படிக்கும் ஃபாஸ்டஸில் மார்லோ எவ்வளவு, அந்த 4 பவுண்டு எவ்வளவு? கணக்கேட்டுப் பக்கத்தையும் கவிதையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் சுவை காண்பவர்களுக்கு இது சொர்க்கம். அச்சுக்கோப்பவரின் எழுத்துப்பிழை, தணிக்கை அதிகாரியின் கறார், மேடையில் கடவுள் பெயரைச் சொல்வதற்கு அபராதம் விதித்த 1606 சட்டம் எல்லாமே தடயம்தான்.

ஏதென்ஸுக்குப் போனால் நிலைமை தலைகீழ். சோஃபோக்ளிஸ் 120-க்கும் மேல் எழுதியவர், முழுசாகக் கிடைத்தவை 7. ஈஸ்கிலஸ் பெயரிலும் 7, அதில் 'புரோமிதியஸ்' அவருடையதுதானா என்பதே தகராறு. யூரிப்பிடிஸ் பெயரில் 19. மூவரையும் கூட்டினால் 33. இதில் ஒன்று துன்பியலே அல்ல, சாட்டிர் கூத்து எனப்படும் கேலி நாடகம். யூரிப்பிடிஸ் மற்றவர்களைவிட அதிகம் பிழைத்ததற்குக் காரணம் தரமல்ல, தற்செயல். அகரவரிசையில் அடுக்கிய அவருடைய முழுத்தொகுப்பின் ஒரு துண்டு தப்பித்ததால், தலைப்பு அடுத்தடுத்த சில எழுத்துகளில் தொடங்கும் 9 நாடகங்கள் நமக்குக் கிடைத்தன. ஆகவே 'யூரிப்பிடிஸின் பாணி இது' என்று யாராவது உறுதியாகச் சொன்னால் சற்றே சந்தேகத்தோடு கேளுங்கள். ஈஸ்கிலஸின் ஆரெஸ்ட்டஸ் முத்தொடரில் நடு நாடகத்தின் தொடக்கப் பக்கம் கையெழுத்துப் பிரதியில் இல்லை. அதன் சில வரிகள் தெரிவதே, அரிஸ்டோஃபனிஸ் தன் நகைச்சுவை நாடகத்தில் அவற்றை எடுத்துவைத்துக் கிண்டல் செய்ததால்தான். கிண்டல் மூலத்தைவிட நெடுநாள் வாழ்ந்திருக்கிறது.

குறைவாகக் கிடைப்பதில் ஒரு லாபமும் உண்டு: ஒவ்வொரு வரியையும் உருக்கி எடுத்துப் படிக்கலாம். அதே முத்தொடரின் முதல் நாடகம், கி.மு. 458-இல் அரங்கேறிய 'அகமெம்னான்'. அதில் மன்னன் உள்ளே வெட்டுப்பட்டு அலறுகிறான். வெளியே கோரஸ், அதாவது சேர்ந்து பாடி ஆடும் குழு; இங்கே ஊர்ப் பெரியவர்கள். என்ன செய்வது என்று ஒவ்வொருவராக இரண்டிரண்டு வரி பேசுகிறார்கள். ஒருவர் ஊரைக் கூட்டுவோம் என்கிறார், ஒருவர் உடனே உள்ளே புகுவோம் என்கிறார், ஒருவர் முதலில் உறுதி செய்துகொள்வோம் என்கிறார். பேசிக் கொண்டிருக்கும்போதே கதவு திறக்கிறது, பிணம் வெளியே வருகிறது. கூட்டம் போட்டுக் கையைப் பிசையும் எல்லாக் குழுவினரையும் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார் ஈஸ்கிலஸ். இதில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. இந்த ஈரடிகள் 12 வருகின்றன. அக்காலத்தில் கோரஸில் 12 பேர் ஆடினர் என்பதற்கு இவை முக்கியமான ஆதாரம். பிறகு சோஃபோக்ளிஸ் அதை 15 ஆக்கினார் என்பது மரபு. வரிகளை எண்ணியே மேடையைக் கட்டி எழுப்ப வேண்டிய நிலை. ஹென்ஸ்லோ போல ஒரு கணக்கேடு இங்கே கிடையாது.

மேடைச் சூழலை ஒப்பிட்டால் ஒரு கோடு தெளிவாகத் தெரியும். ஏதென்ஸில் மதுக்கடவுள் டயோனிசஸின் திருவிழாப் போட்டிக்காக நாடகம். செலவில் பெரும்பகுதியைப் பணக்காரக் குடிமகன் ஒருவர் ஏற்பார், நடுவர்கள் இடம் அறிவிப்பார்கள். கி.மு. 431-இல் யூரிப்பிடிஸின் 'மெடியா' இருந்த தொகுதிக்குக் கடைசி இடம். லண்டனில் நாடகம் தொழில். நின்று பார்க்க ஒரு பென்னி, நாளுக்கொரு நாடகம், பெண் வேடத்தில் சிறுவர்கள். 1576-இல் ஜேம்ஸ் பர்பேஜ் தொடங்கிய அரங்கிலிருந்து 1642-இல் நாடாளுமன்றம் கதவுகளை மூடும்வரை அது சந்தை. கிரேக்க நாடகத்தில் ஊர், சட்டம், பழிவாங்கலின் எல்லை பற்றிய விவாதம் இவ்வளவு நிறைய இருப்பதற்கும், ஆங்கில நாடகத்தில் பேய், கோமாளி, நகைச்சுவை, ரத்தம் எல்லாம் ஒரே மேடையில் கலப்பதற்கும் காரணம் தேட இந்த வித்தியாசத்திலிருந்தே தொடங்கலாம்.

இனி மொழி. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கிரேக்கத் துன்பியலை மொழிபெயர்ப்பில் ரசிக்கலாம், ஆடலாம், அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதலாம். மூலத்தை வைத்து ஆய்வு செய்ய வேண்டுமென்றால், ஏதென்ஸின் மொழியான அட்டிக் கிரேக்கத்துக்கே தொடக்கத்தில் இரண்டு ஆண்டாவது ஒதுக்க வேண்டும். கோரஸ் பாடல்களின் யாப்பும் கிளைமொழிச் சாயலும் அதற்கு மேல் கூடுதல் பாடம். தமிழ்நாட்டில் கிரேக்கம் கற்க எளிதில் கிடைக்கும் இடம் இறையியல் கல்லூரிகள்தான். அங்கே கிடைப்பது புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம். அதை நம்பி ஈஸ்கிலஸைத் திறப்பது அரைக்கிணறு தாண்டிய கதை. ஆங்கில நாடகத்தின் கஷ்டம் வேறு வகை. தெரிந்த மொழி போலவே இருக்கும், பழைய பொருளில் சொல் காலை வாரிவிடும். அக்காலக் கையெழுத்தைப் படிக்கத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை இரண்டும் கிட்டத்தட்ட சமம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் நூலகத்தில் கிரேக்க மூலமும் அகராதியும் இலவசம். ஃபோல்ஜர் நூலகத்தின் ஷேக்ஸ்பியர் பதிப்புகளும் இலவசம். பழைய அச்சு நூல்கள் பலவற்றின் பக்கப் படங்களுக்குத்தான் சந்தா கேட்பார்கள்.

என் தேர்வைக் கேட்டால்: கிரேக்கம் தெரியாதவர், கற்கும் பொறுமையும் இல்லாதவர், ஆய்வுக்கு ஆங்கில நாடகத்தை எடுக்கட்டும். அதிலும் ஷேக்ஸ்பியரை விட்டுவிட்டு அக்காலத்து மற்ற நாடகாசிரியர்களான வெப்ஸ்டர், மிடில்டன் பக்கம் போகட்டும். வெப்ஸ்டரின் 'மால்ஃபியின் சீமாட்டி' பற்றிச் சொல்ல இன்னும் இடமிருக்கிறது, ஹாம்லெட்டைப் பற்றி நிற்கவே இடமில்லை. அரங்கில் இயக்குநராகவோ நடிகராகவோ வேலை செய்பவர் மொழிபெயர்ப்பில் கிரேக்கத்தையே எடுக்கட்டும். கோரஸை என்ன செய்வது என்ற கேள்வி ஒன்றே சில ஆண்டு தாங்கும்.

இரண்டையும் இணைத்து, தந்தையின் கொலைக்குப் பழிவாங்கும் ஹாம்லெட்டையும் ஆரெஸ்ட்டஸையும் ஒப்பிடுகிறேன் என்று வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அக்கால லண்டன் நாடகக்காரர்கள் பழிவாங்கும் கதையைப் பெரும்பாலும் கற்றது கிரேக்கரிடமிருந்து அல்ல, ரோமானிய செனெகாவிடமிருந்து. அவருடைய துன்பியல்களின் ஆங்கிலத் தொகுப்பு 1581-இல் அச்சானது. ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் அண்ட்ரோனிகஸ்' நாடகத்தில் செனெகாவின் லத்தீன் வரிகளே வருகின்றன. யூரிப்பிடிஸின் இஃபிஜீனியாவை 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் எழுதிய ஜேன் லம்லியும் அறிஞர் எராஸ்மஸின் லத்தீன் மொழிபெயர்ப்பைத் துணைக்கு வைத்திருந்தார். கோரஸ் பாடல்களை மொழிபெயர்க்காமலே விட்டுவிட்டார். ஆக, இந்தத் தலைப்பை எடுப்பவர் முதலில் உட்கார வேண்டியது கிரேக்க வகுப்பில் அல்ல, லத்தீன் வகுப்பில்.