குரல் கொடுத்தால் கேட்கும் உதவிக் கருவி: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

வீட்டில் ஒருவரை வைத்துப் பராமரிப்பவர்கள் குரலால் இயங்கும் உதவி அழைப்புக் கருவி வாங்கலாமா என்று என்னிடம் கேட்டால், தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அவசரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைப்பதற்காக வாங்காதீர்கள். ஜன்னலைச் சாத்த, போர்வையை இழுத்துவிட, தண்ணீர் கேட்க என்று நாள் முழுக்கச் சின்னச் சின்ன விஷயத்துக்கு அதைக் கூப்பிட்டுப் பழகியவர்தான் விழுந்து கிடக்கும்போதும் கூப்பிடுவார். சில வருடங்களாக அம்மாவுக்காக இதைப் பயன்படுத்தியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான். மற்ற வசதி, குறைகளெல்லாம் இதற்கு அப்புறம்.

அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய். நடை தளர்ந்து, ராத்திரியில் தானாகப் புரண்டு படுக்கவும் முடியாமல் போன பிறகுதான் இந்த ஏற்பாடு. படுக்கையறையில் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர், குளியலறைக் கதவை ஒட்டி இன்னொன்று, நான் இருக்கும் அறையில் மூன்றாவது. அம்மா கூப்பிட்டால் என் அறை ஸ்பீக்கர் வழியாகவே இருவரும் பேசிக்கொள்ளலாம். நான் வெளியே போயிருந்தால் என் போனுக்கோ அண்ணன் போனுக்கோ அழைப்பு போகும். எந்த நிறுவனத்தின் கருவி என்று சொல்லவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகள் கிட்டத்தட்ட இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் அந்த 'அவசரத்துக்கு மட்டும்' விஷயம். 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று 90 வயதைத் தாண்டியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தது. விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்திருக்கிறார்கள். உதவிக்கு அழைக்கும் அலாரம் பரவலாக இருந்திருக்கிறது, ஆனால் அப்படி நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தவில்லை. எட்டாத இடத்தில் இருந்தது ஒரு காரணம் என்றால், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைப்பது இன்னொன்று. எங்கள் வீட்டில் நான் கண்கூடாகப் பார்த்தது இரண்டாவதை. 'உன் தூக்கத்தை ஏன் கெடுக்கணும்னுதான் நானே எழுந்தேன்' என்பார் அம்மா. பராமரிக்கும் எல்லோரும் இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். விழுவது பெரும்பாலும் அந்த 'நானே எழுந்தேன்' நேரத்தில்தான். நெடுநேரம் தரையில் கிடப்பதும் சின்ன விஷயமில்லை. எலும்பு முறியாவிட்டாலும் அழுத்தப் புண், நீரிழப்பு, உடல் குளிர்ந்துபோவது, தசைகள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பது வரை போகலாம்.

அதனால் நாங்கள் செய்தது, கூப்பிடுவதைச் சாதாரணமாக்கியது. விளக்கு, மின்விசிறி, பாட்டு எல்லாவற்றையும் அதே கருவியோடு இணைத்தோம். காலையில் நானே என் அறையிலிருந்து அதன் வழியாக 'எழுந்தாச்சாம்மா' என்று கேட்பேன். கொஞ்ச நாளில் அம்மா தயங்காமல் கூப்பிட ஆரம்பித்தார். 'இதோ வரேம்மா, அப்படியே உட்காருங்க' என்று உடனே ஒரு குரல் பதிலுக்கு வந்துவிட்டால் அவர் எழ முயல்வதில்லை. இரண்டு பக்கமும் பேசும் வசதி இல்லாமல் வெறும் மணி மட்டும் அடிக்கும் கருவியில் இது கிடைக்காது. கூப்பிட்டவருக்குத் தன் குரல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது, அந்தக் காத்திருப்பில்தான் பொறுமை போய் காலைக் கீழே வைப்பார்கள். வாங்குவதற்கு முன் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள்.

அடுத்தது குரல். பார்க்கின்சனில் குரல் மெலிந்துகொண்டே போகும், பேசுபவருக்கோ தான் சத்தமாகத்தான் பேசுகிறோம் என்று தோன்றும். அம்மாவுக்கு மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் கருவி முதல் தடவையிலேயே பிடித்துக்கொள்ளும். அடுத்த வேளை மாத்திரைக்கு முந்தைய நேரம் இருக்கிறதே, உடம்பு இறுகிப்போய் உதவி அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான், குரல் காற்றாக வருவதும் அப்போதுதான். கருவியை எழுப்பும் சொல், அதாவது எதையும் கேட்பதற்கு முன் அதைக் கூப்பிடும் பெயர், அதன் முதல் எழுத்து தொண்டையிலேயே நின்றுவிடும், பின்பாதி மட்டும் வெளியே வரும், ஸ்பீக்கரின் விளக்கு எரியவே எரியாது. பக்கத்தில் நின்று இதைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கும்.

இதற்கு ஓரளவு கைகொடுத்த விஷயங்கள் சில உண்டு. ஸ்பீக்கரை எதிர்ச் சுவர் மேசையிலிருந்து எடுத்துக் கட்டிலின் தலைமாட்டில், வாய்க்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்ததுதான் பெரிய மாற்றம். மின்விசிறிக் காற்று மைக்கில் நேராக அடிக்கக் கூடாது. கருவியை எழுப்பும் சொல்லாகத் தரப்பட்ட சிலவற்றில் அம்மா வாய்க்கு எது சுலபமாக வருகிறதோ அதைத் தேர்ந்தெடுத்தோம், அதுவும் காலையில் இல்லை, குரல் மோசமாக இருக்கும் சாயங்காலத்தில் சொல்லவைத்துப் பார்த்து. உதவி கேட்கும் வாசகத்தையும் இரண்டே சொல்லாகச் சுருக்கினோம். பயத்தில் இருப்பவர் நீளமான கட்டளையை ஒழுங்காகச் சொல்ல மாட்டார், 'ஐயோ' என்றுதான் கத்துவார், அந்த 'ஐயோ' இந்தக் கருவிக்குப் புரியாது. இத்தனைக்குப் பிறகும் குரலை மட்டும் நம்ப முடியாது என்பதால் அம்மா கழுத்தில் அழுத்தும் பொத்தான் ஒன்றும் இருக்கிறது, குளிக்கும்போதும் கழற்றத் தேவையில்லாத, தண்ணீர் புகாத வகை. குளியலறையில் குழாய் திறந்திருந்தால், டைல்ஸ் எதிரொலியும் சேர்ந்து, நல்ல குரலையே இந்தக் கருவிகள் தவறவிடும்.

சரி, கருவி கேட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எழுப்பும் சொல்லை மட்டும்தான் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் தாங்களே கண்டுபிடிக்கும், அதற்குப் பின் பேசுவது நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் புரிந்துகொள்ளப்படும். அதாவது வைஃபை போனால் உதவியும் போச்சு. மின்சாரம் போனாலும் அப்படித்தான், மின்சாரம் போய் இருட்டாகும் நேரத்தில்தான் தடுமாறி விழவும் வாய்ப்பு அதிகம். ரவுட்டருக்கும் ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் போடாமல் இந்த ஏற்பாடு முழுமையாகாது. ஒருமுறை செயலி தானாகப் புதுப்பித்துக்கொண்ட பிறகு நாங்கள் அமைத்திருந்த உதவி வாசகம் சத்தமில்லாமல் வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. தினமும் பயன்படுத்துகிற கருவி என்பதால் அன்று மத்தியானமே அம்மா சொல்லித் தெரிந்துவிட்டது. அவசரத்துக்கென்று மூலையில் வைத்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

நம் போனையும் மறக்காதீர்கள். ராத்திரி போனைத் தொந்தரவு வேண்டாம் நிலையில் போட்டுத் தூங்குகிற பழக்கம் இருந்தால் அழைப்பு ஒலிக்காது. ஐபோனில் குறிப்பிட்ட தொடர்புக்கு மட்டும் அவசர விலக்கு கொடுக்கலாம், ஆண்ட்ராய்டிலும் முக்கியமான தொடர்புகளுக்கு விலக்கு கொடுக்க வழி இருக்கிறது. திரையில் வந்துபோகும் அறிவிப்பை நம்பாதீர்கள், ஒலிக்கும் அழைப்புதான் வேண்டும். இன்னொன்று, வீட்டு ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அவசர எண்களுக்கு நேராக அழைக்கும் வசதி இவற்றில் பொதுவாகக் கிடையாது, இருக்கும் இடத்திலும் அது தனிக் கட்டணச் சேவையாக இருக்கலாம். அந்தச் சேவைகளும் நிலையானவை என்று சொல்ல முடியாது. அமேசான் 2021 டிசம்பரில் முதியோர் பராமரிப்புக்கென்றே தொடங்கிய அலெக்சா டுகெதர் 2024 ஜூனில் மூடப்பட்டது. ஒரு நிறுவனத்தின் திட்டத்தை மட்டும் நம்பி வீட்டின் முழுப் பாதுகாப்பையும் அமைக்காதீர்கள்.

அந்தரங்கம் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். படுக்கையறையில் எப்போதும் திறந்திருக்கும் மைக் என்பது அம்மாவுக்குச் சின்ன விஷயமில்லை. சில ஸ்பீக்கர்களில் அனுமதி கொடுத்துவிட்டால் மறுமுனையில் இருப்பவர் கேட்காமலே அறைக்குள் நுழைந்து பேசலாம், கேட்கலாம். எங்கள் வீட்டில் அம்மா கூப்பிட்ட பிறகோ, காலை விசாரிப்பின்போதோ மட்டும்தான் அதைத் திறப்போம், அதுவும் அம்மாவே வைத்த விதி. பகலில் உதவிக்கு வரும் அக்காவுக்கும் முதல் நாளே காட்டி, எப்போது மைக் பொத்தானை அணைக்கலாம் என்று சொல்லிவிட்டோம். தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்தால் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் விதமே மாறிவிடும். குரல் பதிவுகளைச் சர்வருக்கு அனுப்பாமல் இருக்கச் அமேசானின் எக்கோ ஸ்பீக்கர்கள் சிலவற்றில் முன்பு இருந்த தேர்வையும் அந்த நிறுவனம் 2025 மார்ச் 28 முதல் எடுத்துவிட்டது. பதிவுகள் எவ்வளவு நாள் வைக்கப்படுகின்றன என்பதை அமைப்புகளில் போய்ப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

யாருக்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நினைவு தடுமாறுபவருக்குக் கருவியின் பெயரே நினைவில் நிற்காது. பக்கவாதத்தில் பேச்சு போனவருக்கும், மயங்கி விழுபவருக்கும் இதனால் பயனில்லை. மயக்கம் வருபவருக்கு விழுவதைத் தானே உணரும் கைக்கடிகாரம் பொருத்தம். ஆப்பிள் வாட்ச்சில் 2018இல் வந்த சீரிஸ் 4 முதல் அந்த வசதி உண்டு, பலமாக விழுந்து ஒரு நிமிடம்போல அசைவில்லாமல் கிடந்தால் அதுவே அவசர அழைப்பு போடும்.

இப்போது நான் சோதித்துப் பார்ப்பது 2024இல் ஐபோனின் ஐஓஎஸ் 18 மென்பொருளுடன் வந்த குரல் குறுக்குவழி வசதியை. நமக்கு வேண்டிய சொல்லை மூன்று முறை சொல்லிப் பதிவுசெய்தால் போனே அதை அடையாளம் கண்டு நாம் சொன்ன வேலையைச் செய்யும். அம்மாவின் சாயங்காலக் குரலிலேயே பதிவுசெய்து, பழைய போன் ஒன்றைச் சார்ஜரோடு தலைமாட்டில் வைத்திருக்கிறேன். ஸ்பீக்கருக்கு எட்டாத குரலை அது பல சமயம் பிடிக்கிறது, தொலைக்காட்சி ஓடும்போது மட்டும் இன்னும் திணறுகிறது.