மின்சாரம் இல்லாத முகாம்: எதை எடுப்பது, எதை விடுவது?

ஜெனரேட்டர் இல்லாமல் முகாம் என்றதும் பலரும் முதலில் விளக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் யோசிக்க வேண்டியது படுக்கையை. தூக்கம் கெட்டுப்போனால் மறுநாள் எந்த வசதியும் பிடிக்காது.

படுக்கையில் போட்டி ஃபோம் பாய்க்கும் காற்று மெத்தைக்கும். தரை விடிய விடிய உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நல்ல ஸ்லீப்பிங் பேக்காக இருந்தாலும் முதுகுக்கடியில் நசுங்கிப் போவதால் அந்தப் பக்கம் பெரிதாக உதவாது. அடியில் விரிப்பதுதான் காப்பாற்றும். அதன் குளிர் தாங்கும் திறனை ஆர்-மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள். ஃபோம் பாய்க்கு அது சுமார் 2. முகாமுக்கென்றே செய்த காற்று மெத்தைகளில் 4, 5 என்று போகும். வீட்டில் விருந்தாளிக்குப் போடும் தடித்த காற்று மெத்தை மட்டும் வேண்டாம். உள்ளே வெறும் காற்றுதான், அது சுழன்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். குளிர் காலத்தில் ஃபோமை அடியிலும் மெத்தையை மேலேயும் போடுங்கள், இரண்டின் மதிப்பும் கூடிக்கொள்ளும். நடுராத்திரி மெத்தை ஓட்டையானாலும் ஃபோம் கைவிடாது. ஒன்றுதான் எடுக்க முடியும், குளிரும் அதிகமில்லை என்றால் என் ஓட்டு ஃபோமுக்கே.

அடுத்தது குளிர்ச்சி: ஐஸ் பெட்டியா, மண்பானையா? பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈரமணல் நிரப்பும் முறையை நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990களில் பரவலாக்கினார். காய்கறி, பழங்களுக்கு அருமை. ஆனால் காற்று உலர்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகிக் குளிர்விக்கும், புழுக்கத்தில் எடுபடாது. பாலையும் இறைச்சியையும் அதை நம்பி வைக்கக் கூடாது, அவற்றுக்கு ஐஸ்தான். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பத்தை வைத்து அதே ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். சில்லு ஐஸைவிடப் பெரிய கட்டி மெதுவாக உருகும். இன்னும் நல்லது, பாட்டில் தண்ணீரையே உறைய வைத்து அடுக்குவது: சாப்பாடு நனையாது, உருகியதும் குடிக்கலாம்.

அடுப்பில் கேஸ் வேகமானது, தீயையும் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் வெறும் பியூட்டேன் சிலிண்டர் உறைநிலைக் குளிரில் முரண்டு பிடிக்கும். புரொப்பேன் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிட் அடுப்பு மெதுவானது, கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது, அதனால் எரியும்போது மேலும் ஊற்றவே கூடாது. எந்த அடுப்பானாலும் கூடாரத்துக்குள் பற்ற வைக்காதீர்கள். தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் நச்சு வாயு, அதற்கு மணமே கிடையாது.

விளக்குக்கு, தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்லாம்ப் போதும். அரிக்கேன் அழகுதான், கூடாரத்துக்கு வெளியே மாட்டலாம். உள்ளே வெளிச்சம் வேண்டுமானால் வெள்ளை பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் ஊற்றி, ஹெட்லாம்பை அதன் பக்கம் திருப்பிக் கட்டிவிடுங்கள்; கண் கூசாத வெளிச்சம் கூடாரம் முழுக்கப் பரவும்.