பைத்தான் வெர்ஷன் பார்த்து டெஸ்ட் ஓட்ட எந்த வழி தேவலை?

நாகர்கோவிலில் நாங்கள் நான்கு பேர் பராமரிக்கும் பைத்தான் லைப்ரரி 3.9-லும் ஓடவேண்டும், 3.12-லும் ஓடவேண்டும். வாடிக்கையாளர் ஒருவரின் சர்வர் பழசு, மாற்ற மனமில்லை. ஆக, சில டெஸ்டுகளைப் பழைய வெர்ஷனில் விட்டுவிடத்தான் வேண்டும்.

முதலில் டெஸ்டுக்குள்ளேயே ஒரு இஃப் போட்டு, பழசு என்றால் ரிட்டர்ன் என்று எழுதினோம். வேலை சுலபம், ஆனால் ஓடாத டெஸ்டும் பாஸ் கணக்கில் விழுகிறது. குலசேகரத்தில் மாமாவின் ரப்பர் தோட்டத்தில் மழையென்றால் பால் வெட்டு கிடையாது. ஆனால் நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே ‘மழை, வெட்டு இல்லை’ என்று எழுதிவிடுவார். (எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் அந்த வரிக்குப் பஞ்சமில்லை.) நாங்கள் செய்தது, வெட்டாத நாளிலும் வெட்டியதாக எழுதிய கணக்கு.

பைத்தானோடு கூடவே வரும் டெஸ்ட் கருவியான யூனிட்டெஸ்டில் ஸ்கிப்இஃப் என்று ஒரு டெக்கரேட்டர் (டெஸ்டின் தலையில் போடும் குறிப்பு) உண்டு. நிபந்தனை பொருந்தினால் டெஸ்டை ஓட்டாமல் ‘ஸ்கிப்’ என்று கணக்கில் காட்டும், அந்த நோட்டு மாதிரி. காரணம் எழுதாமல் விடாது. தனியாக நிறுவும் கருவியான பைடெஸ்டின் ஸ்கிப்இஃப்பும் கிட்டத்தட்ட அதேதான். கூடுதலாக, ஒரு கோப்பு முழுவதற்கும் ஒரே வரியில் போடலாம், ஓட்டும்போது -ஆர்எஸ் (-rs) என்று கொடுத்தால் காரணங்களைப் பட்டியலிடும். பைடெஸ்ட் ஏற்கெனவே இருந்தால் இதுவே போதும். இதற்காக மட்டும் புதிதாக நிறுவத் தேவையில்லை.

வெர்ஷனைக் கேட்காமல், வேண்டிய மாட்யூல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஸ்கிப் செய்வது பைடெஸ்டின் இம்போர்ட்ஆர்ஸ்கிப். 3.11-ல் பைத்தானோடு சேர்ந்து வந்த டாம்லிப் (tomllib) மாட்யூல் போன்றவற்றுக்கு நல்லது. வெளி லைப்ரரிக்கு நான் போடமாட்டேன். நிறுவ மறந்துபோனாலும் சத்தமில்லாமல் ஸ்கிப் ஆகிவிடும்.

சிக்கல் வந்தது மேட்ச் கட்டளையில்தான். அது 3.10-ல் வந்த இலக்கணம். 3.9 அந்தக் கோப்பைப் படிக்கும்போதே சிண்டாக்ஸ் எரர் என்று நின்றுவிடும், கூட இருக்கும் டெஸ்டுகளும் போச்சு. டெக்கரேட்டர் வேலைசெய்யும் கட்டத்துக்கே வராது. பைடெஸ்டின் அமைப்புக் கோப்பான கான்ஃப்டெஸ்டில் கலெக்ட்_இக்னோர் என்ற பட்டியல் போட்டுக் கோப்பையே ஒதுக்கலாம். ஆனால் அப்போது ஸ்கிப் என்றுகூடக் காட்டாது, நோட்டில் அந்தத் தேதியே இருக்காது. அதனால் மேட்ச் எழுதிய நிரலை மட்டும் டெஸ்ட் என்று பெயர் தொடங்காத தனிக் கோப்பில் வைத்து, ஸ்கிப்இஃப் போட்ட டெஸ்டுக்குள் இம்போர்ட் செய்கிறோம். கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் கணக்கு சரியாக வருகிறது.

அப்புறம், எதைத் தேர்ந்தாலும் வெர்ஷனை எழுத்தாக ஒப்பிட வேண்டாம். எழுத்து வரிசையில் 3.10 என்பது 3.9-ஐவிடச் சின்னது. வெர்ஷனை எண்களாகத் தரும் சிஸ்.வெர்ஷன்_இன்ஃபோவை (3, 10) என்ற டப்பிளோடு (tuple, எண்களின் வரிசை) ஒப்பிட்டால் இந்த வம்பு இல்லை.